இணைய விளையாட்டுகளில் கற்பனை நாடுகளுக்குப் பெயரிடுதல்

கற்பனை நாட்டுப் பெயரிடல் என்பது, நாடுகளை உருவாக்கி ஆளும் வகையைச் சேர்ந்த இணைய விளையாட்டுகளில், ஆட்டக்காரர் ஒருவர் தமது நாட்டுக்குப் பெயர் தேர்ந்து சூட்டுவதைக் குறிக்கும். நேஷன்ஸ்டேட்ஸ் (2002), சைபர் நேஷன்ஸ் (2006), பாலிடிக்ஸ் அண்ட் வார் (2014) ஆகியவை இவ்வகை விளையாட்டுகளுள் பலரும் அறிந்தவை. இவற்றில் ஆட்டம் தொடங்குவதே பெயரிடுதலில்தான். சட்டம் இயற்றுவதும் வரி விதிப்பதும் படை திரட்டுவதும் அதற்குப் பின்னரே வருகின்றன.

பெயரிடும் வழிகள் பல. நாட்டைக் குறிக்கும் விகுதி ஒன்றை ஏதேனும் ஒரு சொல்லுடன் சேர்ப்பது, தமது பெயரையோ ஊர்ப் பெயரையோ திரித்துக்கொள்வது, மறைந்த அரசுகளின் பெயர்களை மீட்பது, இரு சொற்களை ஒட்டுவது, புதிய மொழி ஒன்றையே ஆக்கி அதிலிருந்து பெயர் எடுப்பது ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் பெரும்பாலானவை உலகின் மெய்யான நாடுகளுக்குப் பெயர் அமைந்த வழிகளே. இக்கட்டுரை நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வழிகளை விளக்குகிறது.

பின்னணி

நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டை ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002 நவம்பரில் தொடங்கினார். அடுத்த ஆண்டு வெளிவர இருந்த ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்னும் தமது புதினத்தை அறிமுகப்படுத்துவதே அதன் நோக்கம். அப்புதினத்தில் மக்கள் தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையே தம் குடும்பப் பெயராகக் கொள்வர். அரசுப் பணியில் இருப்பதால் கதைத்தலைவியின் பெயர் ஜெனிஃபர் கவர்ன்மென்ட் ஆயிற்று. பெயர் ஒருவரை எவ்வாறு அடையாளப்படுத்துகிறது என்பதைப் பகடியாகச் சொன்ன ஒரு நூலின் துணையாகவே இவ்விளையாட்டு பிறந்தது எனலாம்.

புதிதாகச் சேர்பவர் நாட்டின் பெயர், கொடி, குறிக்கோள் வாசகம், நாணயம், தேசிய விலங்கு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கிறார். சில கேள்விகளுக்கு விடையளித்ததும் 50 இலட்சம் மக்கள்தொகையுடன் அவரது நாடு உருவாகிறது. பின்னர் நாள்தோறும் அரசுக்கு முன் சிக்கல்கள் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுக்கேற்ப நாட்டின் பொருளாதாரம், குடியுரிமைகள், அரசியல் சுதந்திரம் ஆகியவை ஏறியும் இறங்கியும் அமைகின்றன. மக்கள்தொகை வளர வளர, தலைநகர், தலைவர், மதம் ஆகியவற்றுக்கும் பெயரிடும் வாய்ப்பு கிடைக்கிறது.

மாற்ற முடியாத தேர்வு

நேஷன்ஸ்டேட்ஸில் கொடியை மாற்றலாம். குறிக்கோள் வாசகத்தையும் நாணயத்தையும் விலங்கையும் மாற்றலாம். கொள்கைகளை அடியோடு புரட்டிப்போடலாம். நாட்டின் பெயரை மட்டும் மாற்ற இயலாது. வேறு பெயர் வேண்டுவோர் புதிய நாடு ஒன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய நாட்டின் மக்கள்தொகையோ வரலாறோ புதிய நாட்டுக்கு வராது.

ஆட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத முதல் சில நிமிடங்களிலேயே, பின்னர் திருத்த முடியாத ஒரே முடிவை ஆட்டக்காரர் எடுத்துவிடுகிறார். விளையாட்டாக வைத்த பெயருடன் பல ஆண்டுகள் இருக்க நேர்கிறது. பள்ளி வயதில் வேடிக்கைக்காக வைத்த பெயரை, பின்னாளில் கூட்டணிப் பேச்சுகளிலும் தீர்மானங்களிலும் முழுமையாக எழுதிக் கையொப்பமிட வேண்டியிருக்கும். இக்காரணத்தால் அனுபவமுள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளுள் பெயரைப் பற்றியது முதலிடம் பெறுகிறது.

ஒரு பெயரை ஒருவரே வைத்துக்கொள்ள முடியும் என்பது இரண்டாவது கட்டுப்பாடு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டால் இரு பெயர்கள் தனித்தனியாகக் கருதப்படுவதில்லை. 2002 முதல் பல இலட்சம் நாடுகள் உருவாக்கப்பட்டுவிட்டதால், எளிதில் நினைவுக்கு வரும் பெயர்களில் பெரும்பாலானவை முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. முதலில் நினைத்த பெயர் கிடைக்காதபோது ஆட்டக்காரர் ஓர் எழுத்தைக் கூட்டியோ, ‘புதிய’, ‘வட’, ‘மேல்’ போன்ற அடைமொழியைச் சேர்த்தோ, எண் ஒன்றை ஒட்டியோ சமாளிக்கிறார். எண் ஒட்டிய பெயர் நாட்டுப் பெயராகத் தோன்றாமல் கணக்குப் பெயராகவே தோன்றுவதால், நீண்ட நாள் விளையாட எண்ணுவோர் அதைத் தவிர்ப்பது நல்லது.

பெயரிடும் வழிகள்

1. விகுதி சேர்த்தல்

மிக எளிய வழி இதுவே. ஏதேனும் ஒரு சொல்லின் இறுதியில், நாடு என்று கேட்டவுடன் புரியும்படியான விகுதி ஒன்று சேர்க்கப்படுகிறது. பரவலாகப் பயன்படும் விகுதிகள் பின்வருமாறு:

‘-இயா’: கிரேக்க, இலத்தீன் மொழிகளிலிருந்து வந்தது. தெற்கு என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து ஆஸ்திரேலியா, சிமோன் பொலிவாரின் பெயரிலிருந்து பொலிவியா, விடுதலை பெற்றவர் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து லைபீரியா, நைஜர் ஆற்றின் பெயரிலிருந்து நைஜீரியா ஆகியவை அமைந்தன. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த லெமூரியா என்னும் பெயரும் இவ்வாறு ஆக்கப்பட்டதே. லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் வாழ்வதற்கும் அதையொத்த விலங்குகளின் தடயங்கள் இந்தியாவில் காணப்படுவதற்கும் காரணம் தேடிய விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர், கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றைக் கருதுகோளாகக் கொண்டு 1864-இல் இப்பெயரைச் சூட்டினார். அப்படியொரு நிலம் இல்லை என்று பின்னர் அறிவியல் காட்டியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

‘-ஸ்தான்’: பாரசீக விகுதி, இடம் என்று பொருள். தேவஸ்தானம், சமஸ்தானம் ஆகிய சொற்களில் உள்ள வடமொழி ‘ஸ்தானம்’ இதற்கு உறவானது. ஆப்கானிஸ்தான், கசகஸ்தான் ஆகியவை மெய்யான எடுத்துக்காட்டுகள்.

‘-லாந்து’: ஆங்கிலம், டச்சு போன்ற ஜெர்மானிய மொழிகளுக்குரியது, நிலம் என்று பொருள். பின்லாந்து, போலந்து ஆகியவை நெடுங்காலமாக வழங்குபவை. சயாம் 1939-இல் தாய்லாந்து எனப் பெயர் மாறியபோது இவ்விகுதி ஆசிய நாடு ஒன்றின் வெளிநாட்டுப் பெயரிலும் இடம்பெற்றது.

‘-டோபியா’: தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட ‘யுடோபியா’ என்னும் நூலின் தலைப்பிலிருந்து பிரிந்து வந்தது. இல்லை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லையும் இடம் என்னும் பொருளுள்ள சொல்லையும் சேர்த்து மோர் இதை ஆக்கினார். ‘எங்கும் இல்லாத இடம்’ என்பது இதன் நேர்ப்பொருள். நாளடைவில் குறையற்ற நாடு என்னும் பொருள் இதற்கு ஏற்பட்டது.

‘-நீசியா’: தீவு என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இந்தோனேசியா, பாலினீசியா, மைக்ரோனீசியா ஆகியவற்றில் உள்ளது. தம் நாடு தீவுக்கூட்டம் என்று எண்ணுவோர் இதை விரும்புகின்றனர்.

நேஷன்ஸ்டேட்ஸை நடத்துவோர் சோதனைக்காக வைத்திருக்கும் நாட்டின் பெயர் டெஸ்ட்லாண்டியா. ஆட்டத்தில் வரும் சிக்கல்களில் அண்டை நாடாகக் குறிப்பிடப்படும் கற்பனை நாடுகளுள் ஒன்று மேக்ஸ்டோபியா. முன்னதில் சோதனை என்னும் ஆங்கிலச் சொல்லுடன் ‘லாந்து’, ‘இயா’ என இரண்டு விகுதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்னதில் விளையாட்டை உருவாக்கியவரின் பெயருடன் மோரின் சொல்லில் பாதி ஒட்டப்பட்டுள்ளது.

விகுதியைத் தேர்வதில் பொருத்தம் பார்ப்பதும் உண்டு. ‘ஸ்தான்’ என்று முடியும் நாட்டை மற்றவர்கள் நடு ஆசியப் புல்வெளியில் வைத்துப் பார்ப்பர். ‘லாந்து’ என்று முடிவதை வட ஐரோப்பாவில் வைப்பர். பனிபடர்ந்த மலைநாடு ஒன்றைக் கற்பனை செய்துவிட்டு அதற்குத் தீவுக்குரிய விகுதியைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

2. சொந்தப் பெயரும் விருப்பங்களும்

தம் பெயர், செல்லப்பிராணியின் பெயர், வாழும் தெரு, பிடித்த உணவு, ஆதரிக்கும் விளையாட்டு அணி ஆகியவற்றிலிருந்து பெயர் எடுப்போர் உள்ளனர். இது தன்முனைப்பு போலத் தோன்றினாலும் மெய்யான வரலாற்றில் இதற்குச் சான்றுகள் மிகுதி. கொலம்பசின் பெயரால் கொலம்பியாவும், ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் பெயரால் பிலிப்பைன்சும், செசில் ரோட்ஸ் பெயரால் ரொடீசியாவும் பெயர் பெற்றன. இவற்றுள் ரொடீசியா, விடுதலைக்குப் பின் 1980-இல் சிம்பாப்வே ஆனது. ஆளவந்தவரின் பெயரைத் தாங்கிய நாடு அதைக் களைந்துவிட முடிந்தது. விளையாட்டில் அவ்வழி இல்லை.

இவ்வகைப் பெயரில் ஒரு பாதுகாப்புக் குறைபாடும் உண்டு. நாட்டின் பெயரை எவரும் காணலாம். முழுப்பெயரையோ ஊரையோ பள்ளியையோ பெயரில் வைத்தால், பின்னர் மறைக்க விரும்பினாலும் மறைக்க முடியாது. சிறுவர்கள் விளையாடும்போது பெற்றோர் இதைக் கவனித்தல் நலம்.

3. வரலாற்றிலிருந்து எடுத்தல்

பைசாந்தியம், பிரஷ்யா, கார்த்தேஜ் போன்ற மறைந்த அரசுகளின் பெயர்கள் வரலாற்று ஆர்வலர்களைக் கவர்கின்றன. அப்படியே வைக்க முடியாதபோது ‘புதிய’ என்னும் அடையோ எழுத்துத் திரிபோ சேர்க்கப்படுகிறது. இத்தகைய பெயருக்கு ஆயத்தமான வரலாறும் கொடியும் சின்னமும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்த வரலாற்றை அறிந்தவர்கள் பெயருக்கேற்ற நடத்தையையும் எதிர்பார்க்கின்றனர். பிரஷ்யாவின் பெயரை வைத்துக்கொண்டு படையே இல்லாத நாட்டை நடத்துவதானால் அந்த முரணே அந்நாட்டின் கதையாக அமைய வேண்டும்.

4. ஒட்டுச்சொற்களும் எழுத்து மாற்றமும்

இரு சொற்களின் பகுதிகளை ஒட்டிப் புதுப்பெயர் ஆக்குவது மற்றொரு வழி. 1964-இல் தங்கனீக்காவும் சன்சிபாரும் இணைந்தபோது இரு பெயர்களின் முதற்பகுதிகளையும் சேர்த்துத் தன்சானியா என்னும் பெயர் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1933-இல், சௌத்ரி ரஹ்மத் அலி தமது துண்டறிக்கையில் பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புற ஆப்கானியப் பகுதி, காஷ்மீர், சிந்து ஆகியவற்றின் எழுத்துகளையும் பலுசிஸ்தானின் இறுதியையும் கோத்துப் பாகிஸ்தான் என்னும் பெயரின் முதல் வடிவத்தை முன்வைத்தார். பாரசீகத்தில் ‘தூயோர் நிலம்’ என்னும் பொருளும் அதற்கு அமைந்தது. இவ்வாறு எழுத்துக் கோவையாகவும் பொருளுள்ள சொல்லாகவும் ஒருங்கே அமையும் பெயரையே விளையாடுவோர் பலரும் தேடுகின்றனர், எளிதில் கிடைப்பதில்லை.

சொல்லைத் தலைகீழாக்கும் முறைக்குச் சாமுவேல் பட்லரின் ‘எரூவோன்’ (1872) முன்னோடி. எங்கும் இல்லை என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைச் சிறு மாற்றத்துடன் பின்னிருந்து முன்னாக எழுதிப் பெற்ற பெயர் அது. தம் பெயரையோ ஊரையோ இவ்வாறு தலைகீழாக்கினால் அடையாளம் வெளிப்படாமலும் பெயர் தமக்கு நெருக்கமாகவும் இருக்கும்.

5. மொழியை முதலில் அமைத்தல்

ஒரு சிலர் நாட்டின் மொழியை முதலில் ஆக்கி, அதன் ஒலிகளுக்கும் இலக்கணத்துக்கும் ஏற்பப் பெயரைப் பெறுகின்றனர். இம்முறையின் பெரும் முன்னோடி ஆங்கில எழுத்தாளரும் மொழியறிஞருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் ஆக்கிய சிந்தாரின் மொழியில் ‘தோர்’ என்றால் நிலம். அதன்படி கோண்டோர் என்பது கல்நாடு. மோர்டோர் என்பது இருள்நாடு. இரண்டு பெயர்களும் ஒரே விகுதியில் முடிவதால், பொருள் தெரியாத வாசகரும் இவை ஒரே மொழியைச் சேர்ந்தவை என்று உணர்ந்துகொள்கிறார்.

முழு மொழியையும் ஆக்க முடியாதோர் சில ஒலி விதிகளையேனும் வகுத்துக்கொள்வதுண்டு. எந்த எழுத்துகள் வரலாம், எந்த எழுத்தில் சொல் முடியும் என்று முன்னரே முடிவு செய்தால், நாடு, தலைநகர், நாணயம், தலைவர் ஆகிய பெயர்கள் அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக ஒலிக்கும். ஒவ்வொரு பெயரையும் அவ்வப்போது தோன்றியபடி வைத்தால் அந்த ஒற்றுமை வராது.

6. நகைச்சுவைப் பெயர்கள்

அன்றாடப் பொருள்களையோ சலிப்பான நிலைகளையோ நாட்டுப் பெயராக்கி நகைப்பூட்டுவோரும் பலர். நேஷன்ஸ்டேட்ஸின் நடையே பகடி என்பதால் இத்தகைய பெயர்கள் அங்கு இயல்பாகப் பொருந்துகின்றன. மார்க்ஸ் சகோதரர்களின் ‘டக் சூப்’ (1933) திரைப்படத்தில் வரும் ஃப்ரீடோனியா இம்மரபைச் சேர்ந்தது. முதல் வாரத்தில் சிரிப்பூட்டும் பெயர் மூன்றாம் ஆண்டிலும் அலுக்காமல் இருக்குமா என்பதே இதில் உள்ள சோதனை. பொருள் தெரிந்தால் நகைப்பையும், தெரியாவிட்டால் ஒரு நாட்டுப் பெயரின் ஓசையையும் தரும் பெயர்கள் நீண்ட நாள் தாங்கும்.

முன்னடையும் அரசின் தன்மையும்

பெயருக்கு முன் ‘குடியரசு’, ‘முடியரசு’, ‘பேரரசு’, ‘மக்கள் குடியரசு’, ‘கூட்டாட்சி’ போன்ற அடை ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘நாடோடி மக்கள்’, ‘பிணக்குக்குரிய நிலப்பகுதிகள்’, ‘ஒடுக்கப்பட்ட மக்கள்’ போன்ற வேடிக்கையான அடைகளும் பட்டியலில் உண்டு. பெயரைப் போலன்றி இந்த அடையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வடை ஆட்டக்காரரின் விருப்பம் மட்டுமே. நாட்டின் மெய்யான அரசு வகையை விளையாட்டே தீர்மானிக்கிறது. பொருளாதாரம், குடியுரிமைகள், அரசியல் சுதந்திரம் ஆகிய மூன்றின் நிலையைக் கொண்டு ஒவ்வொரு நாடும் 27 வகைகளுள் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. அவ்வகைகளின் பெயர்களும் பகடியானவையே. யாருக்கும் தொல்லை தராத நடுநிலை மக்களாட்சி, அப்பா சொன்னால் சரி என்னும் அரசு, மனம் பிறழ்ந்த சர்வாதிகாரம் என்றெல்லாம் அவற்றைத் தமிழில் சொல்லலாம்.

இதனால் ‘சுதந்திர’ என்னும் அடையைத் தாங்கிய நாடு, தன் ஆட்சியாளரின் முடிவுகளால் சர்வாதிகாரம் என்னும் வகையில் போய் நிற்பதுண்டு. பெயர் ஆட்சியாளரின் கூற்று. வகை அவர் எடுத்த முடிவுகளின் தொகை. இரண்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகக் காட்டப்படுகின்றன. தம்மை மக்களாட்சி என்று பெயரிலேயே அறிவித்துக்கொண்டு, போட்டியுள்ள தேர்தலை நடத்தாத நாடுகள் மெய்யுலகிலும் இருந்துள்ளன. 1949 முதல் 1990 வரை இருந்த கிழக்கு ஜெர்மனியின் முழுப்பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு. ஒரு நாட்டின் பெயரையும் அதன் செயலையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை மாணவர்கள் இவ்விளையாட்டிலிருந்து எளிதில் பெறலாம்.

குடிமக்களின் பெயர்

நாட்டுக்குப் பெயரிடும்போது பலரும் மறந்துவிடுவது, அந்நாட்டு மக்களை எவ்வாறு அழைப்பது என்பதாகும். நேஷன்ஸ்டேட்ஸில் குடிமகனைக் குறிக்கும் சொல், அதன் பன்மை, நாட்டைச் சார்ந்த என்னும் பொருளில் வரும் பெயரடை ஆகிய மூன்றையும் அமைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் வரும் செய்திகளில் இச்சொற்கள் அடிக்கடி இடம்பெறும். நீளமான, பல சொற்கள் கொண்ட பெயரை வைத்தவர்களுக்கு இங்குதான் இடர் தோன்றுகிறது.

இதற்கு மெய்யுலகின் சிறந்த எடுத்துக்காட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ. பிரெஞ்சுக் குடியேற்றக் காலத்தில் ஓர் ஆற்றின் பெயரால் மேல் வோல்ட்டா என வழங்கிய இந்நாட்டுக்கு, 1984 ஆகஸ்டில் தாமஸ் சங்கராவின் அரசு புதுப்பெயர் சூட்டியது. ‘புர்கினா’ என்பது மோரே மொழிச் சொல். நேர்மை என்னும் கருத்துடையது. ‘பாசோ’ என்பது தியுலா மொழியில் தந்தையர் நாடு. குடிமக்களைக் குறிக்கும் ‘புர்கினாபே’ என்னும் சொல்லின் ஈறு ஃபுலா மொழிக்குரியது. இவ்வாறு நாட்டின் பெயரிலும் குடிமக்களின் பெயரிலுமாக மூன்று மொழியினருக்கு இடம் கிடைத்தது. பல இனத்தவர் வாழும் கற்பனை நாட்டை அமைப்போர் பின்பற்றத்தக்க முறை இது.

எழுத்தும் ஒலிப்பும்

நேஷன்ஸ்டேட்ஸில் நாட்டின் பெயரை இலத்தீன் எழுத்துகள், எண்கள், இடைவெளி, இணைப்புக்குறி ஆகியவற்றைக் கொண்டே எழுத முடியும். மேற்புள்ளி, சாய்கோடு போன்ற குறிகள் ஏற்கப்படுவதில்லை. எனவே வேற்று எழுத்துமுறை கொண்ட மொழிகளிலிருந்து பெயர் எடுப்போர் ஒலிபெயர்த்தே எழுத வேண்டியுள்ளது.

தமிழ்ச் சொல்லைத் தேர்வோருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் வழக்கமான இலத்தீன் எழுத்துக்கூட்டலில் மறைந்துவிடுகின்றன. வலை, வளை, வாலை, வாளை ஆகிய நான்கும் ஒரே வகையாக எழுதப்பட்டுவிடும். நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதினால் ஓரளவு தெளிவு கிடைக்கும். ஆனால் பெயர் நீளும். ழகரம் உள்ள பெயர்களைப் பிறமொழியினர் வேறு ஒலியாகவே படிப்பர். முல்லை, நெய்தல் போன்ற திணைப் பெயர்கள் நாட்டின் நிலத்தையும் ஒருங்கே உணர்த்துவதால் தமிழர்க்குப் பொருத்தமானவை.

எந்த மொழியானாலும் மூன்று அசைகளுக்கு மேற்பட்ட பெயரை மற்றவர்கள் சுருக்கிவிடுவது இயல்பு. சுருக்கம் எவ்வாறு அமையும் என்று பெயரிடும் முன்பே எண்ணிப் பார்ப்பது நன்று. இல்லையேல் பிறர் வைக்கும் சுருக்கமே நிலைத்துவிடும்.

துணை நாடுகளின் பெயர்கள்

ஒருவர் பல நாடுகளை வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. முதன்மை நாட்டைத் தவிர்த்த மற்றவை பொம்மை நாடுகள் எனப்படுகின்றன. தொடர்பை வெளிப்படையாகக் காட்ட விரும்புவோர் முதன்மைப் பெயருடன் திசையையோ எண்ணையோ சேர்க்கின்றனர். சிலர் மலர்கள், விண்மீன்கள், ஆறுகள் என ஒரே தொகுதியிலிருந்து பெயர்களை எடுக்கின்றனர். முதன்மைப் பெயருக்கு மணிக்கணக்கில் எண்ணிப் பார்ப்பவரும் துணை நாடுகளுக்கு வரிசை எண்களை இட்டுவிடுவதைக் காணலாம்.

விதிகளும் சர்ச்சைகளும்

ஆபாசமான, அச்சுறுத்தும், பிறரை இழிவுபடுத்தும் பெயர்களுக்கு விளையாட்டின் விதிகளில் இடமில்லை. விதிமீறிய பெயரைத் திருத்தித் தர வழியில்லாததால், அத்தகைய நாட்டை நெறியாளர்கள் நீக்கிவிடலாம்.

விதிக்குள் அடங்கியும் மனத்தைப் புண்படுத்தும் பெயர்கள் உண்டு. பேரழிவுகளை நிகழ்த்திய ஆட்சிகளின் பெயர்களையும் சின்னங்களையும் நினைவூட்டும் பெயர்கள் அவற்றுள் முதன்மையானவை. பெயரிட்டவருக்கு அது பாடநூலில் படித்த செய்தியாக இருக்கலாம். மறுபுறம் விளையாடுபவரின் குடும்பம் அந்த ஆட்சியில் உறவினரை இழந்திருக்கலாம். பல நாட்டவரும் ஒரே களத்தில் கூடும் இணைய விளையாட்டில் இது வெறும் ஊகமன்று.

ஏழ்மையையும் பிற்போக்கையும் கேலி செய்வதற்கென்றே ‘ஸ்தான்’ விகுதியைச் சேர்க்கும் பழக்கமும் இதைப் போன்றது. அவ்விகுதி பல கோடி மக்களின் தாய்நாட்டுப் பெயரில் உள்ளது. கிழக்கு ஐரோப்பாவைப் பற்றியும் இத்தகைய பகடி உண்டு. 2003-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ‘மோல்வானியா’ என்னும் போலிப் பயண வழிகாட்டி நூல், இல்லாத ஒரு கிழக்கு ஐரோப்பிய நாட்டை நகைச்சுவையாக வருணித்தது. அதன் பெயர் மால்டோவா, உருமேனியா போன்ற மெய்யான பெயர்களை நினைவூட்டும்படி அமைந்திருந்தது. கற்பனைப் பெயர் எவரையும் சுட்டாது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

பெயர்ச் சிக்கல் விளையாட்டை நடத்தியோரையும் விட்டுவைக்கவில்லை. நேஷன்ஸ்டேட்ஸில் நாடுகள் கூடித் தீர்மானம் இயற்றும் அவைக்குத் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர் இருந்தது. மெய்யான ஐக்கிய நாடுகள் அவை தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதற்கு மறுப்புத் தெரிவித்ததை அடுத்து, 2008-இல் அவ்வவை உலக மன்றம் என்னும் பொருள்படும் வேர்ல்ட் அசெம்பிளி எனப் பெயர் மாற்றப்பட்டது.

மெய்யான நாடுகளுடன் ஒப்பீடு

மெய்யான நாடுகள் தம் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் அது எளிதன்று. சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாத்தினி ஆனது. சுவிட்சர்லாந்துடன் குழப்பிக்கொள்ளப்படுவதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மாசிடோனியா என்னும் பெயரைப் பற்றிக் கிரேக்கத்துடன் 1991-இல் தொடங்கிய பிணக்கு, 2018-ஆம் ஆண்டு பிரஸ்பா ஒப்பந்தத்தின் வழியாகத் தீர்ந்தது. அதன்படி அந்நாடு 2019-இல் வட மாசிடோனியா ஆயிற்று. ஒரே பெயரை இருவர் கோரும்போது எழும் சிக்கலைத் தீர்க்க மெய்யுலகில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஆயின. விளையாட்டிலோ முதலில் வந்தவருக்கே பெயர் என்னும் ஒரே விதி அதை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

மெய்யான நாட்டில் மக்கள் முன்னிருக்க, பெயர் பின்னர் வருகிறது. கற்பனை நாட்டில் பெயர் முதலில் வந்து, மக்களும் நிலமும் வரலாறும் அதைத் தொடர்ந்து எழுதப்படுகின்றன. ஆதலால் நல்ல பெயர் என்பது அழகாக ஒலிப்பது மட்டுமன்று. மேற்கொண்டு கற்பனை செய்ய இடம் தருவதும் ஆகும். இதனை ஆராயச் சில எளிய கேள்விகள் போதும். அந்நாட்டின் குடிமகனை எவ்வாறு அழைப்பது? இரண்டு முறை கேட்டவர் அதைப் பிழையின்றி எழுதுவாரா? எந்த மக்களையேனும் அது இழிவுபடுத்துகிறதா? சில ஆண்டுகள் கழித்தும் அப்பெயரில் கையொப்பமிட மனம் ஒப்புமா?

நீங்கிய நாடுகளின் பெயர்கள்

நேஷன்ஸ்டேட்ஸில் 28 நாட்கள் தொடர்ந்து நுழையாதவரின் நாடு ஆட்டத்திலிருந்து நீங்கிவிடும். விடுமுறை வசதியை முன்கூட்டியே தேர்ந்திருந்தால் இக்காலம் 60 நாட்கள். நாடு நீங்கிய பின்னும் அது பங்கேற்ற நிகழ்வுகளிலும் பிறர் எழுதிய வரலாறுகளிலும் அதன் பெயர் இருக்கும். உரிமையாளர் பின்னொரு நாள் திரும்பிவந்து, தம் கடவுச்சொல்லைக் கொண்டு நாட்டை மீட்டெடுக்கலாம். அப்போது அதே பெயரே அவருக்காகக் காத்திருக்கும்.